போல்ட்டும் லேஸும்: தொய்ந்த தோல் சீட்டுக்கு எது மருந்து?

தொய்ந்துபோன சைக்கிள் தோல் சீட்டைக் கையில் எடுப்பவர் எவரும் முதலில் தேடுவது அதன் மூக்குக்கு அடியில் இருக்கும் போல்ட்டின் நட்டைத்தான். ஸ்பேனரை மாட்டி இரண்டு சுற்று சுற்றினால் தோல் விறைத்துக்கொள்ளும், வேலை முடிந்தது என்று தோன்றும். இன்னொரு வழி உண்டு. சீட்டின் இரு பக்கமும் தொங்கும் தோலில் துளை போட்டு, அடியில் லேஸ் கோத்து இழுத்துக் கட்டுவது. போல்ட்டைத் திருகுவது நிமிட வேலை. லேஸ் கட்டுவதற்கு அரை நாள் வேண்டும். ஒரே நோய்க்கு இரண்டு மருந்து என்றுதான் பலர் இவற்றைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இங்கிலாந்தில் பிறந்த புரூக்ஸ் பி17 சீட்டையே எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இன்றுவரை பெரிய மாற்றமில்லாமல் வருவது அது. ஜான் பௌல்ட்பீ புரூக்ஸ் 1866-ல் பர்மிங்காமில் தொடங்கியது குதிரைகளுக்கான வார், கடிவாளம் செய்யும் பட்டறை. 1878-ல் அவருடைய குதிரை இறந்துபோனது, இரவல் சைக்கிளில் வேலைக்குப் போனார், அதன் இருக்கை தந்த வலியில்தான் தோல் சீட்டு பற்றி யோசித்தார் என்று அந்த நிறுவனம் சொல்லிவருகிறது. 1882-ல் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். தோல்காரரின் கைவேலையும் இரும்புக்காரரின் கணக்கும் அந்தச் சீட்டில் ஒன்றாகச் சேர்ந்தன. லேஸ் தோல்காரர் வழி, போல்ட் இரும்புக்காரர் வழி.

இந்தச் சீட்டுக்குள் பஞ்சோ ஸ்பிரிங் மெத்தையோ கிடையாது. ஏறத்தாழ 5 மி.மீ. தடிமனுள்ள ஒரே தோல், முன்னால் மூக்கு இரும்பிலும் பின்னால் வளைந்த தகட்டிலும் ரிவெட் அடித்துத் தூளிபோலத் தொங்கவிடப்பட்டிருக்கிறது. மனிதர் ஏறி உட்கார்ந்தால் நடுத்தோல் கீழே இறங்கும். அப்படி இறங்கும்போது பக்கத் தோல்கள் வெளிப்பக்கமாக விரியும். தொய்வைப் பார்ப்பவர்கள் நடுவில் விழுந்த குழியைத்தான் பார்க்கிறார்கள். பக்கங்கள் விரிந்ததால்தான் அந்தக் குழி ஆழமாகிறது என்பது கண்ணில் படுவதில்லை. தொடையில் உரசி எரிச்சல் தருவதும் அந்த விரிந்த ஓரங்கள்தான்.

போல்ட் என்ன செய்கிறது? மூக்கு இரும்பை முன்னால் தள்ளுகிறது. தோல் நீளவாட்டில் மட்டும் இழுபடுகிறது. கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டி வளர்ந்தவர்களுக்கு இது சரியான வழியாகத்தான் தோன்றும். கட்டிலில் அது சரிதான். கயிறு அவிழ்ந்து நெகிழ்ந்ததை மறுபடி இழுக்கிறோம், அவ்வளவே. தோல் அப்படியல்ல. ஒருமுறை நீண்ட நார் தானாகச் சுருங்கிப் பழைய அளவுக்கு வராது. இன்று திருகினால் அடுத்த வருடம் மறுபடி திருக வேண்டும். திருகத் திருக நடுவில் ஒரு முதுகுத்தண்டு போல மேடு எழும்பும், பக்கங்கள் முன்னைவிட விரியும். கடைசியில் போல்ட்டில் மரை தீர்ந்துபோகும், அல்லது மூக்கு ரிவெட்டைச் சுற்றித் தோல் கிழியும். நான் ஒரு பழைய சீட்டை இப்படித்தான் இழந்தேன். மூன்று ரிவெட் துளைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து கிழிந்த அந்தத் தோலை எறிய மனம் வராமல் இன்றும் வைத்திருக்கிறேன்.

போல்ட்டே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. புதுச் சீட்டு முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இளகுவது இயல்பு. அப்போது கால் சுற்று, போதாவிட்டால் சில வாரம் கழித்து இன்னொரு கால் சுற்று. அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

லேஸ் குறுக்குவாட்டில் வேலை செய்கிறது. விரிந்த பக்கங்களை உள்ளே இழுத்தால் நடுத்தோல் தானாக மேலே எழுந்து, பழைய கூரை வடிவம் திரும்புகிறது. இருக்கும் தோலை இன்னும் நீட்டாமல் அதன் வளைவை மீட்பதால்தான் இதை மேலானது என்கிறேன். பிடிக்கவில்லையென்றால் லேஸை அவிழ்த்துவிடலாம். நீண்ட தோலைச் சுருக்க முடியாது.

செய்முறையில் அவசரம் கூடாது. பக்கத் தோல் எங்கே அதிகம் விரிந்திருக்கிறதோ அங்கே, கீழ் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, பக்கத்துக்கு நான்கு அல்லது ஐந்து புள்ளிகளைப் பென்சிலால் குறியுங்கள். இரு பக்கமும் நேருக்கு நேர் வர வேண்டும். காகிதத்தில் அச்சு வெட்டி வைத்துக் குறித்தால் பிசகாது. துளையை பஞ்ச் கருவி வைத்து வட்டமாகப் போட வேண்டும். கத்தியால் கீறினால் கீறலின் முனையிலிருந்து கிழிசல் ஓடும். வட்டத் துளைக்கு அந்த முனை இல்லை. கோப்பதற்கு மெழுகு தேய்த்த உறுதியான நைலான் லேஸ் நல்லது. தோல் வார் அழகாக இருக்கும், ஆனால் நனைந்தால் நீளும். ஷூவுக்குக் கோப்பதுபோலக் கோத்து, சீட்டுக்கு அடியிலுள்ள கம்பிகளில் உரசாதபடி பார்த்து, பக்கங்கள் செங்குத்தாக நிற்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். மேலும் இறுக்கினால் சீட்டு ஒடுங்கிக் கட்டைபோல ஆகிவிடும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி சரிசெய்யலாம்.

பழஞ்சீட்டு சேகரிப்பவர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பு நியாயமானது. அசல் தோலில் துளை போட்டால் அதன் மதிப்பு குறையும். அலமாரியில் வைக்கும் சீட்டுக்கு நானும் துளை போட மாட்டேன். ஓட்டும் சீட்டுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. புரூக்ஸ் நிறுவனமே தன் இம்பீரியல் வகைச் சீட்டில் நடுவில் தோலை வெட்டி எடுத்திருப்பதால் பலம் குறையும் என்று தெரிந்து, பக்கங்களில் துளை போட்டு லேஸ் கட்டித்தான் விற்றது.

எந்த வழியானாலும் தோலுக்கு உயிர் இருக்க வேண்டும். இந்தச் சீட்டுகள் மரப்பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருள்களில் பதனிட்ட தோல். நம் திண்டுக்கல், திருச்சிப் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் அதே குடும்பம். ஈரத்தில் இளகி, காயும்போது கொடுத்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம் இந்தத் தோலுக்கு உண்டு. குரோமியத்தில் பதனிட்ட மெல்லிய செருப்புத் தோலுக்கு அந்தக் குணம் குறைவு. ஆகவே லேஸ் கட்டும் முன் ஈரத் துணியால் மேலும் கீழும் ஒற்றி, கையால் வளைவைத் திருத்தி, பழந்துணியைச் சுற்றிக் கட்டி நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். வெயிலும் அடுப்படியும் தோலைச் சுருக்கி வெடிக்க வைக்கும். காய்ந்தபின் கொழுப்பும் மெழுகும் கலந்த பூச்சைக் கொஞ்சமாக, அடிப்பக்கமும் சேர்த்துத் தடவ வேண்டும். எண்ணெயில் ஊறப்போட்டால் தோல் துவண்டு போகும், பிறகு எந்த லேஸும் அதை நிறுத்தாது. ஆழமாக வெடித்த தோலுக்கு இது எதுவும் உதவாது. அதற்கு ரிவெட்டைக் கழற்றிப் புதுத் தோல் போடுவது ஒன்றே வழி.

உங்கள் வீட்டில் பழைய தோல் சீட்டு இருந்தால், ஸ்பேனரை எடுக்கும் முன் இரண்டு கைகளாலும் பக்கத் தோல்களை உள்பக்கமாக அழுத்திப் பாருங்கள். நடுக்குழி மேலே எழுந்தால் அந்த நட்டைத் தொடாதீர்கள்; பஞ்ச் கருவியும் லேஸும் வாங்கி வாருங்கள்.