எக்மோ ஆய்வும் 0.09 என்ற எண்ணும்

நுரையீரல் கடுமையாகச் செயலிழந்தவர்களை, இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பும் எக்மோ கருவி காப்பாற்றுமா என்று ஆராய்ந்த ‘ஈயோலியா’ ஆய்வு, 2018இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. 60 நாட்களுக்குள் எக்மோ பிரிவில் 124 பேரில் 44 பேர் (35%) இறந்தனர். வழக்கமான செயற்கைச் சுவாசப் பிரிவில் 125 பேரில் 57 பேர் (46%). பி-மதிப்பு 0.09. ஆகவே, இறப்பு புள்ளியியல் முக்கியத்துவம் பெறும் அளவுக்குக் குறையவில்லை என்று ஆய்வாளர்கள் முடித்தனர். இதை ‘எக்மோவால் பயனில்லை’ என்று படிப்பது எளிது. அது தவறு.

0.09 என்பது எக்மோ பயனற்றதாக இருப்பதற்கான நிகழ்தகவு அன்று. இரு சிகிச்சைகளுக்கும் வேறுபாடே இல்லை என்று கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்பது என்பதே அதன் பொருள். ஆய்வின் செய்தி நம்பிக்கை இடைவெளியில்தான் இருக்கிறது. ஒப்பு இடர் (மற்றப் பிரிவோடு ஒப்பிட்ட இறப்பு இடர்) 0.76, 95% இடைவெளி 0.55 முதல் 1.04 வரை. அதாவது இறப்பு 45% குறைவதும், 4% கூடுவதும் இத்தரவுகளோடு பொருந்தும். அந்த நெடுக்கத்தில் பெரும்பகுதி பயனின் பக்கம் கிடக்கிறது.

இவ்வளவு அகலம் ஏன்? எக்மோ இறப்பை 60%இலிருந்து 40%ஆகக் குறைக்கும் என்று எதிர்பார்த்து, 80% திறனுடன் (அதாவது, அவ்வேறுபாடு உண்மையாக இருந்தால் பிடிபடும் வாய்ப்பு நூற்றில் எண்பது) அதைக் கண்டறிய, அதிகபட்சம் 331 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தனர். நூற்றுக்கு இருபது உயிரைக் கூடுதலாகக் காக்கும் சிகிச்சை தீவிர சிகிச்சைப் பிரிவில் மிக அரிது. பத்து உயிரைக் காத்தாலும் போற்றத்தக்கதே. ஆனால் எதிர்பார்க்கும் வேறுபாட்டைப் பாதியாக்கினால், தேவைப்படும் நோயாளிகள் ஏறத்தாழ நான்கு மடங்காவர். ஆய்வோ, முன்பே வகுத்த விதிப்படி 249 பேரோடு நின்றது. ஒப்பீட்டுப் பிரிவில் 35 பேருக்கு, நிலைமை மோசமானதால், எக்மோ பொருத்த வேண்டியும் வந்தது. கணக்கில் அவர்கள் பழைய பிரிவிலேயே இருந்தனர். இரண்டும் வேறுபாட்டை மங்கவைக்கக் கூடியவை.

முடிவு வந்தபின், கிடைத்த வேறுபாட்டையே வைத்துத் திறனைக் கணக்கிட்டுச் சமாதானம் சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. அந்த எண் பி-மதிப்பின் மறுவடிவமே. புதிதாக எதையும் சொல்லாது. திறன் என்பது ஆய்வைத் தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி.

பி-மதிப்புக்கு வழக்கமாக வைக்கும் 0.05 என்ற வரம்பு பொய்யான நம்பிக்கையைத் தடுக்கிறது என்பார்கள். அக்கவலை நியாயமானது, ஏனெனில் எக்மோவால் கேடும் உண்டு: இரத்தம் ஏற்ற வேண்டிய அளவு இரத்தக்கசிவு எக்மோ பிரிவில் 46%, மற்றதில் 28%. ஆனால் பயனையும் கேட்டையும் எடைபோட இரண்டின் அளவும் தெரிய வேண்டும். ‘ஆம்’, ‘இல்லை’ என்ற தீர்ப்பு அளவையே மறைத்துவிடுகிறது.

2020இல் இந்த ஆய்வையும் எக்மோவைச் சோதித்து 2009இல் வெளிவந்த ‘சீசர்’ ஆய்வையும் சேர்த்து, 429 பேரின் தரவுகளை ஆராய்ந்தனர். 90 நாள் இறப்பு எக்மோ பிரிவில் 36%, மற்றதில் 48%. ஒப்பு இடர் 0.75, இடைவெளி 0.60 முதல் 0.94 வரை. கால அளவு வேறு என்றாலும் மதிப்பீடு அநேகமாக அதே இடத்தில் நிற்கிறது, இடைவெளிதான் சுருங்கியது. சீசரில் எக்மோ பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட 90 பேரில் 68 பேருக்கே அது கிடைத்தது என்பதால், இக்கூட்டுக் கணக்கையும் இறுதித் தீர்ப்பாக நான் கொள்ளவில்லை.