துடுப்புக்காலியின் கட்சி

ஏரியின் வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் எல்லோரும் மீனின் வரலாற்றைத்தான் எழுதுகிறார்கள். நான் துடுப்புக்காலியின் (copepod என்னும் நுண்ணிய நீர்வாழ் ஓட்டுயிரி) கட்சி. கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்தில் பார்த்திருக்கிறேன்: மீனை அறுக்கச் சொன்னால் மாணவர்கள் முண்டியடித்து வருவார்கள்; மிதவையுயிரிகளைப் பிடிக்கும் மிதவை வலையில் வடித்த ஒரு சொட்டு நீரை நுண்ணோக்கியில் வைத்தால் கொட்டாவி விடுவார்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளைக் கெடுத்ததும் இந்த அலட்சியம்தான்.

அந்த ஏரிகளைக் குடைந்தவை பனியாறுகள். பனி விலகிய பிறகு ஓடைகள் செங்குத்தான அருவிகளாக விழுந்ததால், கீழிருந்து மீன் ஏற வழியில்லாமல் போயிற்று. சுமார் 1,800 மீட்டருக்கு மேலே இருந்த ஆயிரக்கணக்கான ஏரிகளில் ஏறக்குறைய எதிலுமே மீன் கிடையாது. அங்கே ராஜா, ஹெஸ்பெரோடையாப்டோமஸ் என்ற துடுப்புக்காலி. நீளம் மூன்று மில்லிமீட்டர் வரும்; அந்த இனத்தில் அது பூதம். தன்னைவிடச் சிறிய மிதவையுயிரிகளைப் பிடித்துத் தின்னும். உடல் செக்கச்செவேல் என்றிருக்கும். உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை. அந்தச் சிவப்பு நிறமிதான் அதற்குக் குடை. மீன் இல்லாத நீரில் சிவப்பாக இருந்தால் நஷ்டமில்லை. மீன் வந்துவிட்டால் அந்தச் சிவப்பே எமன்.

மீன் மனிதர் கையால் வந்தது. தங்க வேட்டைக்கு வந்த கூட்டத்தைத் தொடர்ந்து, 1850-களிலிருந்தே குடியேறிகள் வாளிகளில் டிரவுட் மீனைச் சுமந்து ஏறினார்கள். 1876-ல் பதின்மூன்று கோல்டன் டிரவுட்களைக் காப்பிக் கெட்டிலில் போட்டுக்கொண்டுபோய் காட்டன்வுட் ஓடையில் விட்டதாகச் சொல்வார்கள். 1891-ல் அவற்றின் சந்ததி மேலேயுள்ள காட்டன்வுட் ஏரிகளுக்குக் குடிபோயிற்று. அப்புறம் கோவேறு கழுதை முதுகில், பால் கேன்களில் மீன் ஏறியது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் விமானத்திலிருந்தே மீன்குஞ்சுகளைக் கொட்ட ஆரம்பித்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வெறும் தண்ணீர் வீணாகக் கிடக்கிறதே, தூண்டில் போட மீன் இருக்கட்டுமே என்ற அக்கறைதான். நம் நீலகிரியில், அவலாஞ்சியில், வெள்ளைக்காரர்கள் டிரவுட் பொரிப்பகம் வைத்ததும் இதே தூண்டில் மோகத்தால்தான்.

எச்சரிக்கை வராமலில்லை. அதே மலையிலுள்ள யோசெமிட்டிப் பகுதியின் விலங்குகளைப் பற்றி 1924-ல் நூல் எழுதிய ஜோசப் கிரின்னெலும் டிரேசி ஸ்டோரரும், மீன் இருக்கும் ஏரியில் தவளை தங்குவதில்லை என்று அப்போதே குறித்தார்கள். அங்கே வாழும் மஞ்சள்கால் மலைத்தவளை இரண்டு மூன்று குளிர்காலங்களைத் தலைப்பிரட்டையாகவே கழிக்கும். அதற்கு அடிவரை உறையாத ஆழமான ஏரி வேண்டும். டிரவுட்டுக்கும் வேண்டியது அதே ஏரி. 1965-ல் ப்ரூக்ஸ், டாட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கனெக்டிகட் மாநில ஏரிகளை ஆராய்ந்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள்: மிதவையுயிரி தின்னும் மீன் நுழைந்தால் பெரிய உருவங்கள் முதலில் தீரும், சிறியவை மிஞ்சும். சியராவில் துடுப்புக்காலிக்கும், டாப்னியா என்ற நீர்த்தெள்ளுக்கும் நேர்ந்தது அதுதான்.

யோசெமிட்டி தேசியப் பூங்காவில் மீன் விடுவது 1991-ல்தான் நின்றது. நின்றால் மட்டும் போதுமா? முட்டையிட ஓடை வசதி இருக்கும் ஏரிகளில் டிரவுட் தானாகவே பெருகும். ஆகவே ரோலண்ட் நாப் போன்ற ஆய்வாளர்கள் செவுள் வலை போட்டார்கள். உறைபனிக்கு அடியிலும் குளிர்காலம் முழுக்க வலை கிடந்தது. மீன் ஒழிந்த ஏரிகளில் தவளை பெருகிற்று. டாப்னியாவும் திரும்பியது. சேற்றில் பல பத்தாண்டுகள் உறங்கிய முட்டைகள் பொரிந்தன. ஆண் துணை இல்லாமலே பெண் டாப்னியா இனம் பெருக்கும்.

துடுப்புக்காலிக்கு அந்த வசதி கிடையாது. ஆணும் பெண்ணும் சேர்ந்தாக வேண்டும். சேற்றில் மிஞ்சிய முட்டைகள் கொஞ்சம். அவற்றிலும் பொரிபவை சில. அவ்வளவு பெரிய நீரில் அந்தச் சில எங்கே சந்திப்பது? மீனை எடுத்த பிறகும் பல ஏரிகளுக்கு அது தானாகத் திரும்பவில்லை. வேறு ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்டாலும், போதிய அடர்த்தியில் விட்டால்தான் வேரூன்றுகிறது.

மஞ்சள்கால் தவளையை அமெரிக்க அரசு 2014-ல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம். ஆனால் பூங்கா எல்லைக்கு வெளியே சில மலை ஏரிகளில் மாநில அரசு இன்னும் விமானத்திலிருந்து மீன் விடுகிறது. எந்த ஏரியில் விடலாம் என்று முடிவு செய்கிறவர்கள், அதற்கு முன் ஒரு தடவை மிதவை வலையை இழுத்துப் பார்க்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.