கொடுக்கும் கை, கேட்கும் வாய்: நெல்லைத் திருச்சபைகளின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

ஆரோக்கியமான திருச்சபை எது என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் உடனே இரண்டு பதில்கள் வரும். ஜனங்க தாராளமா காணிக்கை கொடுக்கணும். நல்ல மேய்ப்பர் அமையணும். இரண்டும் சரிதான். ஆனால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும்போது, கொடுப்பவருக்கும் நடத்துபவருக்கும் இடையிலுள்ள உறவு பேச்சிலிருந்து நழுவிவிடுகிறது. கொடையை மனத்தின் குணமாகவும் தலைமையைக் கடவுளின் வரமாகவும் ஆக்கிவிட்டால், அதிகாரம் பற்றிய கேள்வி எழுவதற்கே இடமில்லாமல் போகிறது. ஆகவே சபையின் ஆரோக்கியத்தை ஒரு வரலாற்றுக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். யார் கொடுத்தார்கள், யார் கணக்குக் கேட்க முடிந்தது, யார் யாரோடு உட்கார முடிந்தது என்பவையே இங்கு என் அக்கறை. விசுவாசத்தை எடைபோடுவது என் வேலையில்லை.

கொடை பற்றி 1925இல் எழுதிய பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ், எந்தக் கொடையும் சும்மா வருவதில்லை என்று காட்டினார். பெற்றுக்கொள்பவர் திருப்பித் தர முடியாதபோது கொடுத்தவருக்குக் கீழே போய்விடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன் சபைகளை வாசிக்க இது நல்ல திறவுகோல். பள்ளிக்கூடம், மருத்துவம், சம்பளம், கோயில் எல்லாவற்றுக்கும் பெரும்பங்குப் பணம் வெளியிலிருந்து வந்தது. பணம் வந்த வழியாகவே உத்தரவும் வந்தது.

ரேனியஸ் விவகாரம் இதற்கு நல்ல சான்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இந்த ஜெர்மானியர், 1830இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் நோக்கம். உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கும் முறையிலும் ஆங்கிலிக்கன் சபை ஒழுங்கிலும் சி.எம்.எஸ். சங்கத்தோடு அவருக்கு முரண்பாடு முற்றியது. 1835இல் அவரை நீக்கிவிட்டார்கள். பணம் கொடுத்த லண்டன் முடிவெடுத்தது. அதுவரை கதை எதிர்பார்த்தபடியே போகிறது. பிறகு நடந்ததுதான் முக்கியம். இங்கிருந்த உபதேசியார்கள் அவரைத் திரும்ப வரும்படி அழைத்தார்கள். அவரும் அந்த ஆண்டே வந்து, 1838இல் இறக்கும்வரை தனியாக ஊழியம் செய்தார். அவர் போனதும் பெரும்பாலோர் பழைய சங்கத்துக்கே திரும்பினார்கள். இதை வெறும் சபைப் பிளவாகப் பதிவு செய்துவிட்டு நகர்வது எளிது. எங்களுக்கு யார் தலைவர் என்பதில் எங்களுக்கும் சொல் உண்டு என்று சம்பளக்காரர்களான சுதேசி ஊழியர்கள் சொன்ன தருணமாகவும் இதை வாசிக்கலாம். நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

ஆனால் வெள்ளைக்காரத் தலைமையை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. கத்தோலிக்கத் தரப்பில் வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்வோம். 1872இல் அங்கே கட்டப்பட்ட கோயிலுக்கு இரண்டு கால்கள். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார், நடுவில் சுவர், முன்னால் பீடம் மட்டும் பொது. சேசு சபைக் குருமார்கள் சாதிச் சண்டைக்குக் கண்ட கட்டடக்கலைத் தீர்வு இது. பூசை நடந்தது, திருவிழா நடந்தது, காணிக்கையும் விழுந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஆரோக்கியமாகவே தெரிந்திருக்கும். 1910இல் சுவர் இடிக்கப்பட்டபோது வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள்; வெல்லவில்லை. சமாதானத்தின் பெயரால் அநீதிக்குச் சுவர் எழுப்பித் தருவதை நல்ல தலைமை என்று சொல்ல முடியுமா? அமைதியாக இருப்பதாலேயே ஒரு சபை ஆரோக்கியமாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

அதே 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா பேசினார். உயிரையும் உடைமையையும் தந்த மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. அத்தனையும் தந்த நீங்கள் எங்களுக்கு நட்பையும் தாருங்கள் என்பதே அவர் கேட்டதன் சாரம். மோஸின் சொல்லில் சொன்னால், கொடையை மட்டும் வாங்கிக் கீழே நிற்க மாட்டோம், சமமாக உட்கார இடம் வேண்டும் என்ற கோரிக்கை. சபையோர் பலருக்கு அது கசந்தது.

அசரியா வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 1903இலேயே பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்துவிட்டது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம். நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் அவர்களுடைய பணித்தளம் ஆனது. அதே தோர்ணக்கலுக்கு 1912இல் அசரியா பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர். அங்கே சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். ஏழைகள்தானே என்று அவர்களைத் தர்மம் வாங்குபவர்களாக மட்டும் அவர் வைக்கவில்லை. ஞானஸ்நானம் பெறுகிறவரே தன் தலையில் கைவைத்து, நற்செய்தி சொல்லும் கடமை தனக்கும் உண்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஊர் வாய் பேசவிடாமல் வைத்திருந்த ஒருவரைப் பேசவைக்கிற சடங்கு அது.

இனி அடுப்படிக்கு வருவோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுச் சேர்த்து, கோயிலுக்குக் கொண்டுபோகும் வழக்கம் நெல்லைச் சபைகளில் தலைமுறைகளாக உண்டு. எங்கள் ஆச்சி அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடியைக் குறைக்க மாட்டாள். "அது நம்மது இல்லலா" என்பாள். அது எங்கே போகிறது, யார் விற்கிறார்கள் என்று அவளை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னதில்லை. மிஷனிடமிருந்து மீட்ட அதிகாரம் ஆண்களின் கமிட்டியில் போய் உட்கார்ந்துகொண்டது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதில் ஒரு பெண் குருப்பட்டம் பெற 1976 வரை ஆயிற்று. ஒரு பெண், புஷ்பலலிதா, நந்தியாலில் பேராயராக 2013 வரை ஆயிற்று. பிடி அரிசிக்கு மட்டும் ஒருநாளும் காத்திருப்பு இல்லை.

ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதையைக் காணிக்கைப் பிரசங்கத்தில் கேட்காதவர் இருக்க முடியாது. மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அந்தக் கதைக்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகர்களை இயேசு கண்டிக்கிறார். கதை முடிந்ததும் ஆலயம் இடிந்துபோகும் என்கிறார். மூன்றையும் சேர்த்து வாசித்தால், விதவையைப் புகழும் கதை ஆலய நிர்வாகத்தின் மீதான குற்றப்பத்திரிகையாகவும் மாறுகிறது. பிரசங்கம் நடுப்பகுதியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொள்கிறது. பவுலோ எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது, தன்மேல் பழி வராதபடி சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் உடன் கொண்டுபோக ஏற்பாடு செய்கிறார் (2 கொரிந்தியர் 8). அப்போஸ்தலனுக்கே தணிக்கை தேவைப்பட்டது. நம் தலைவர்களுக்கு மட்டும் அது அவிசுவாசமாகப் படுவது ஏன்?

மேய்ப்பர் அதிகாரம் பற்றி மிஷல் ஃபூக்கோ 1978இல் பேசினார். அது ஒவ்வொரு ஆட்டையும் பராமரிப்பதன் வழியாகவே ஆள்கிறது. அன்பு என்ற பெயரில் வருவதால் அதை எதிர்ப்பது கஷ்டம். இன்று திருமண்டலங்களில் தேர்தல் உண்டு. ஆனால் பள்ளி, கல்லூரி நியமனங்களும் சொத்துக்களும் பின்னால் இருப்பதால், அந்தத் தேர்தல் தகராறுகள் நீதிமன்றப் படியேறுவது வாடிக்கையாகிவிட்டது. ஓட்டு இருந்தும் கணக்கு இல்லை.

ஆகவே என் அளவுகோல் எளியது. ஒரு சபையின் ஆண்டுக் காணிக்கைத் தொகையை எனக்குச் சொல்ல வேண்டாம். அங்கே பிடி அரிசி போட்ட கிழவி எழுந்து நின்று, "அய்யா, அந்தத் துட்டு என்னாச்சு?" என்று கேட்க முடியுமா, கேட்ட பிறகும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பாயில் மரியாதையோடு உட்கார முடியுமா என்று மட்டும் சொல்லுங்கள்.