அசல் யார் கையில்?

1984இல் அமெரிக்காவில் உருவான ‘பாப்’ முறையில் சர்வர் வெறும் தபால்பெட்டி. கடிதம் நம் கணிப்பொறிக்கு வந்துசேர்ந்ததும் பொதுவாக அங்கே அழிக்கப்பட்டுவிடும். 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்த ‘ஐமேப்’ இந்த உறவைத் தலைகீழாக்கியது. அசல் சர்வரில், நம்மிடம் இருப்பது நகல். ஒரு கணிப்பொறியில் படித்ததும் அழித்ததும் இன்று கைபேசியிலும் அப்படியே தெரிவது இதனால்தான். சௌகரியம்தான், இல்லேன்னு சொல்லல.

ஆனால் அதே 1986இல் அமெரிக்கா இயற்றிய மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டம், சர்வரில் 180 நாட்களுக்கு மேல் கிடக்கும் கடிதத்தை வாரண்ட் இல்லாமலே அரசு பெற வழிவிட்டது. எடுக்காமல் விட்டவன் கைவிட்டவன் என்ற தபால்பெட்டித் தர்க்கம் அது. அசலே சர்வரில் வாழத் தொடங்கிய பிறகும் அந்தத் தர்க்கம் நீடித்தது. 2010இல்தான் வார்ஷாக் வழக்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரண்ட் கட்டாயம் என்றது.

இதற்கிடையில், 2004இல் 1 ஜிபி இடத்தோடு வந்த ஜிமெயில், எதையும் அழிக்காதே என்று பழக்கியது. இலவசக் கணக்குகளின் கடிதங்களை விளம்பரத்துக்காக 2017 வரை அதன் இயந்திரங்கள் வாசித்தன. அரசும் சந்தையும் நுழைந்தது ஒரே வாசல் வழியாகத்தான்.

மூணு கருவியிலும் நம்ம கடிதம் இருக்குன்னு நிம்மதியாக இருக்கிறோம். சர்வரை யார் நடத்துறாங்க, அது எந்த நாட்டுச் சட்டத்துக்குள்ள கிடக்குன்னு இயக்கத்தில் இருப்பவர்களாவது கேட்டாக வேண்டும்.