பெட்டியடியும் சொந்தக் கடையும்

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாகி, ஐராவதிக் கழிமுகத்துச் சதுப்பெல்லாம் நெல்வயலாக விரிந்தபோது, வட்டித்தொழிலை நாடி அங்கே சென்ற நகரத்தார் குடும்பங்களில், பிள்ளையைப் பிறர் கடைக்குச் சம்பளத்துக்கு அனுப்புவதா, தந்தையின் சிறு கடையிலேயே அமர்த்துவதா என்னும் விசாரம் தலைமுறைதோறும் எழுந்தது.

சம்பளத்துக்குச் சென்ற பாலகன், பெட்டியடிப் பையனாகத் தரையில் சம்மணமிட்டமர்ந்து, கைப்பெட்டியருகே ஏவல் செய்து, பெரியவர்கள் பேரேட்டில் பற்றும் வரவும் எழுதுவதைக் கண்ணாலேயே பயின்று, வட்டியை மனக்கணக்காகச் சொல்லப் பழகி, அடுத்தாளாகி, அதன் பின்னரே மேலாளாக உயர்ந்தான். மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் ஊர் திரும்பினான். செல்வந்தர் தம் புதல்வரையும் அவ்வாறு பிறரிடம் பயிலவிட்ட அவ்வழக்கம், என் அபிப்பிராயத்தில், அச்சமூகத்தின் பெரும் பொக்கிஷம்.

சொந்தக் கடைக்காரனுக்கோ லாபம் முழுவதும் தன்னுடையது, நஷ்டமும் அவ்வாறே. 1930-இல் நெல்விலை சரிந்து, குடியானவர் கடனுக்கீடாக நிலத்தையே ஒப்படைக்க நேர்ந்தமையால், அப்பத்தாண்டின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் நெல்நிலத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு நகரத்தார் கைக்கு வந்தது; 1942-இல் ஜப்பானியர் புகவே, முதலாளிகள் நிலப்பத்திரங்களோடும், அடுத்தாட்கள் கற்ற கணக்கோடும் ஊர் திரும்பினார்கள்.