துரைமார் படையும் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியும்

இலங்கைத் தோட்டத் துரைமாரின் தொண்டர் படையான 'சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்' 1900இல் தொடங்கப்பட்டது. கண்டி அதன் தலைமையகம். நுவரெலியா, அட்டன், டிக்கோயா போன்ற பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியர்களே அதில் சேர்ந்தனர். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் பிரித்து வேலை கொடுத்தவர்கள், மற்ற நேரத்தில் துப்பாக்கிப் பயிற்சி எடுத்தனர். அந்தப் பெரட்டில் நின்ற தமிழ்த் தொழிலாளருக்குப் படையில் இடமில்லை. 1914 அக்டோபரில் ஓர் அணி எகிப்துக்குக் கப்பலேறியது. 1915இல் கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் காவலர்களாக அப்படையினர் பணியாற்றினர். இலங்கைத் தரைப்படை உருவான 1949இல் படை கலைக்கப்பட்டது.

அக்காலப் பிரித்தானியப் படைகளின் முதன்மைத் துப்பாக்கி, .303 அங்குல லீ-என்ஃபீல்ட். 1907இல் வந்த குறுங்குழல் மூன்றாம் வகையில் பத்து ரவைகள் கொள்ளும் ரவைக்கூடு உண்டு. இத்துப்பாக்கிகள் வங்காளத்தின் ஈஷாப்பூர் ஆலையிலும் செய்யப்பட்டன.

ஒரு துப்பாக்கியின் அசல் தன்மையை அதன் முத்திரைகளே காட்டும். மரப்பிடி பொருந்தும் இரும்பு வளையத்தின் வலப்புறம் முடிச் சின்னம், ஆலைப் பெயர், ஆண்டு, வகை ஆகியவை இருக்கும். 1916 என்று பொறித்த துப்பாக்கி, 1914இல் கப்பலேறியதாக இருக்க முடியாது. அடுத்து, உடற்பகுதி, குழல், பொல்ட்டின் கைப்பிடி, பின் குறிகாட்டியின் அடிப்புறம், முன்மூக்குக் கவசம் ஆகியவற்றின் தொடரெண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பழைய எண்ணை அடித்துப் புதிய எண் பொறித்திருந்தால், அது பெரும்பாலும் படைப் பட்டறையின் பழுதுபார்ப்பு. அதுவும் வரலாற்றின் பகுதியே. முறையான அடிப்பு இல்லாமல் எண்கள் வேறுபட்டால், பல துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்ததாக இருக்கலாம்.

ரவைக்கூட்டை மறைக்கும் தகடும், பக்கவாட்டுத் தொலைதூரக் குறிகாட்டியும் 1916இல் உற்பத்தியை விரைவாக்கக் கைவிடப்பட்டன. அதற்கு முந்தைய துப்பாக்கியில் தகடு இல்லாமல் அதற்கான பிளவு மட்டும் இருந்தால், தகடு பின்னாளில் கழற்றப்பட்டது என்று கொள்ளலாம்.

மலைநாட்டின் மழையும் பனிமூட்டமும் இரும்புக்குப் பகை. மரத்துக்குள் மறைந்த குழலின் அடிப்பகுதியில் துரு முதலில் பிடிக்கும். பழைய ரவைகளின் பற்றவைப்பு மருந்து உப்பைக் குழலில் விட்டுச்செல்வதால், படையினர் கொதிநீர் ஊற்றிக் கழுவி எண்ணெயிட்டனர். சீரமைப்பில் மரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் முத்திரைகள் அழியும். அழுக்கைத் துடைத்து ஆளிவிதை எண்ணெய் பூசினாலே போதும். இரும்புக்குப் புதிய மெருகு ஏற்றக் கூடாது. பிடியின் பித்தளை அடித்தகட்டுக்குள் எண்ணெய்ப் புட்டியும் துடைக்கும் கயிறும் வைக்கும் அறை உண்டு. அதையும் திறந்து பார்ப்பது அவசியம். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எண்ணோடு குறித்து, மாற்றியவற்றையும் துப்பாக்கியுடனேயே பாதுகாக்க வேண்டும்.