சிகாகோவும் ஓஹேர் விமான நிலையமும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் உள்ள பெருநகரம் சிகாகோ. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. அலையடிக்கும், ஆனால் தண்ணீர் உப்புக் கரிக்காது.

இந்த ஏரியிலிருந்து மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்குப் படகைச் சுமந்து நடக்க வேண்டிய தூரம் இங்கே மிகக் குறைவு. பூர்வகுடிகள் நெடுங்காலமாக அறிந்திருந்த அந்தக் குறுக்குவழிதான் ஊருக்கு வித்திட்டது. 1780களில் தூ சாபிள் என்ற கறுப்பின வணிகர் சிகாகோ ஆற்றின் முகத்துவாரத்தில் குடியேறினார். 1837இல் நகராட்சி அமைந்தது. 1848இல் ஏரியை மிசிசிப்பிப் படுகையோடு இணைக்கும் கால்வாயும் முதல் ரயில் பாதையும் சேர்ந்தே வந்தன. நாட்டின் தானியமும் மரமும் கால்நடையும் இங்கே கைமாறின.

1871 அக்டோபரில் மூண்ட பெருந்தீயில் சுமார் 300 பேர் மாண்டனர்; ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். அந்தச் சாம்பல்மேட்டில் 22 ஆண்டுகளுக்குள் உலகக் கண்காட்சியே நடத்திக் காட்டியது நகரம். 1893இல் அதையொட்டிக் கூடிய சர்வசமயப் பேரவைக்கு விவேகானந்தரை அனுப்ப, சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடுவீடாக நிதி திரட்டினர். அவர் உரையாற்றிய கட்டடம் இன்று கலை அருங்காட்சியகம்; சிகாகோ செல்லும் தமிழர் அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

நகரத்தின் துணிவுக்கு ஆற்றைவிடப் பெரிய சான்று இல்லை. கழிவு ஏரியில் கலந்து குடிநீரைக் கெடுத்ததால், புதுக் கால்வாய் வெட்டி, 1900இல் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்டார்கள். ஏரியில் விழுந்த ஆறு, அன்று முதல் ஏரியை விட்டு விலகி ஓடுகிறது. சிகாகோவுக்கு நன்மை, ஓட்டத்தின் திசையில் கழிவைப் பெற்ற ஊர்களுக்கு அப்படியல்ல.

ஓஹேர் விமான நிலையம், இரண்டாம் உலகப்போரில் டக்ளஸ் நிறுவனம் போக்குவரத்து விமானங்கள் கட்டிய தொழிற்சாலைத் திடலில் பிறந்தது. அந்த இடத்தின் பெயர் ஆர்ச்சர்ட் பிளேஸ். பயணச்சீட்டில் இன்றும் ஓ.ஆர்.டி. என்ற குறியீடு நீடிப்பது அதனால்தான். 1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களிடமிருந்து தம் கப்பலைக் காத்து, மறு ஆண்டு போரில் மறைந்த கடற்படை விமானி எட்வர்ட் ஓஹேரின் பெயர் 1949இல் சூட்டப்பட்டது. அவர் ஓட்டிய ரகத்தைச் சேர்ந்த வைல்ட்கேட் போர் விமானம் ஒன்று 2ஆம் முனையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. போர்க்காலப் பயிற்சியின்போது மிச்சிகன் ஏரியில் மூழ்கிய விமானங்களுள் ஒன்று அது. அரை நூற்றாண்டு கழித்து மீட்டெடுத்துப் புதுப்பித்தார்கள்.

ஓஹேருக்கு முன் சிகாகோவில் கோலோச்சிய மிட்வே விமான நிலையத்தின் குறுகிய ஓடுபாதைகள் ஜெட் விமானங்களுக்குப் போதவில்லை. 1960களின் தொடக்கத்தில் போக்குவரத்து ஓஹேருக்கு மாறியது. 1963இல் அதிபர் கென்னடி அர்ப்பணிப்பு விழாவில் கலந்துகொண்டார். ஓஹேர் நீண்டகாலம் உலகிலேயே அதிகப் பரபரப்பான விமான நிலையமாக இருந்தது.

வெளிநாட்டு வரவுகள் பெரும்பாலும் 5ஆம் முனையத்தில். முனையங்களை இணைக்கும் தானியங்கி ரயிலில் ஏறி மற்றவற்றுக்குச் செல்லலாம். 1984 முதல் நீலத்தட ரயில் இரவும் பகலும் நகர மையத்துக்கு ஓடுகிறது. பயணம் முக்கால் மணி நேரம். மிட்வேயும் இயங்குவதால், உள்நாட்டு இணைப்பு விமானம் எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்று பார்த்தே சீட்டு எடுக்க வேண்டும்.